இரண்டாம் பக்கமும் சேர்ந்து போன பத்திரிகை

விசேஷப் பத்திரிகை எல்லாம் ஒருநாள் தபால்காரர் கை படாமலே வீடு வந்து சேரும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று சொன்னேன். சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேரும் இன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புகிறார்கள்...

லேசர் பிரிண்டரில் இருந்து சூடாக வெளியே வரும் பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு. இஸ்திரி போட்ட சட்டை லேசாகக் கருகின மாதிரி. நான் ஆபரேட்டராக இருந்த டிடிபி கடை முழுக்க அந்த வாசனைதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அதன் தயவில் எனக்கும்.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆனால் கீபோர்டில் கை வைத்தால் ஓட்டு வீட்டில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். மதுரையில் இருந்து சர்வீஸுக்கு வந்த இன்ஜினியரே, "சார் எந்த காலேஜு?" என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

பிடிஎஃப் என்ற ஒன்றை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவனும் நானே. மறுப்பவர்கள் கமெண்ட்டில் வரலாம்.

டிசைன் சாஃப்ட்வேரில் செய்த பத்திரிகையை அப்படியே ஈமெயிலில் அனுப்பினால் வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் திறக்காது. அங்கேயும் அதே சாஃப்ட்வேர் வேண்டும், அதே தமிழ் ஃபான்ட் வேண்டும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதும். எங்கே திறந்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். சவுதியில் இருக்கிற அப்பாக்கள் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் எங்கள் கடையில் அச்சுக்குப் போகும். லீவு கிடைக்காத அப்பா, பிள்ளையின் விசேஷத்துக்குச் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்...

அப்படித்தான் ராஜாத்தி அக்கா வந்தார். மகளுக்குக் காதுகுத்து.

"தாய்மாமன் முத்துக்கண்ணுன்னு போடுப்பா. எங்கண்ணன். பேரு நல்லாப் பெருசாத் தெரியணும்."

போட்டேன். மறுநாள் காலையில் முகம் வாடி வந்தார். சவுதியில் இருந்து அவர் வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன் போன் பண்ணியிருக்கிறார். போன லீவில் வந்தபோது அவருக்கும் முத்துக்கண்ணுவுக்கும் வாய்க்கால் தகராறு. பேச்சு வார்த்தை நின்று போயிருந்தது.

"எங்கண்ணன் பேரு வேணாங்கிறாகப்பா. எங்க பெரியப்பா மகன் பேரப் போட்டு, அவரு மடியில வச்சே குத்தணுமாம்."

எங்கள் பக்கம் பத்திரிகையில் தாய்மாமன் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் மடியில்தான் பிள்ளை உட்காரும். கூடப்பிறந்த அண்ணன் இருக்க, அவர் பெயரை விட்டுவிட்டு அடித்தால் அந்த ஒரு நாளோடு முடியாது. அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டில் இருந்து ஒருத்தரும் படி ஏற மாட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும்.

புதுப் பெயரோடு முதல் பக்கத்தைச் செய்தேன். "பழச அழிச்சிரவாக்கா?" என்று கேட்டேன்.

"அழிக்காத. அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கட்டும்."

அதே ஃபைலில் இரண்டாம் பக்கமாகத் தள்ளி வைத்தேன். பிடிஎஃப் எடுக்கும்போது, இந்தப் பக்கம் மட்டுமா, எல்லாப் பக்கமுமா என்று சாஃப்ட்வேர் கேட்கும். 'எல்லாம்' என்பதில் புள்ளி இருந்திருக்கிறது. நான் கவனிக்காமல் அப்படியே சவுதிக்கு அனுப்பிவிட்டேன். பெரிய ஆட்களுக்கும் கவனம் பிசகும்.

மறுநாள் சாயங்காலம் ஓகே கேட்க அக்கா கடைக்கு வந்திருந்தார். போன் அடித்தது. கருப்பையா அண்ணன்.

"ஏந்தம்பி, ரெண்டு பத்திரிகை வந்துருக்கு? ரெண்டாவதுல அந்தாளு பேரு கெடக்கு! யாரு போடச் சொன்னது?"

ரிசீவரைத் தாண்டி அக்காவுக்கே கேட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அசரவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னேன்.

"அண்ணே, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பேர மாத்துறது ஒரு நிமிஷ வேல. ஆனா ஊசியக் கண்டதும் புள்ள யாரு மடிக்கு ஓடும்? அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு அதையும் மாத்திருவீங்களா?"

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

பிறகு குரல் வந்தது. "ரெண்டாவதையே அடிங்க."

போனை வைக்கும் முன், "மச்சான் பேருக்கு முன்னாடி இனிஷியல் விட்டுப் போயிருக்கு. சேத்துருங்க. அதுக்கு ஒருக்கா கோவிச்சுக்குவாரு."

முத்துக்கண்ணு வந்தார். சீர்த்தட்டு நூற்றியொன்று. முதல் தட்டு பந்தலுக்குள் நுழையும்போது கடைசித் தட்டு இன்னும் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, அவர் புதுச்சட்டைக் காலரைக் கிழிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு அழுதது.

இப்போதெல்லாம் ஃபைனல், ஃபைனல் இரண்டு, ஒரிஜினல் ஃபைனல் என்று ஒரே பத்திரிகைக்குப் பத்து பிடிஎஃப் போய் வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். ஒரு பக்கம் கூடுதலாக வந்தாலும், இது ஏன் வந்தது என்று போன் போட்டுக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

ராஜாத்தி அக்காவின் மகள் இந்தக் குரூப்பில் இருக்கிறாள் என்று இப்போதுதான் பார்த்தேன். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்...

போனில் அப்படிப் பேசியது நான் இல்லை. "தெரியாம வந்துருச்சுண்ணே, ரெண்டாவத விட்ருங்கண்ணே" என்று நான் திக்கிக்கொண்டு இருந்தபோது அக்கா ரிசீவரைப் பிடுங்கினார். மேலே எழுதியிருக்கிற பேச்சு அத்தனையும் அவர் பேசியது. 'அண்ணே' என்பதற்குப் பதில் 'ஏங்க'.

நான் அந்த நேரம் மேஜைக்கு அடியில் குனிந்து, நன்றாகவே சொருகியிருந்த ஒயரைத் திரும்பத் திரும்பச் சொருகிக்கொண்டு இருந்தேன்.