ஜமேக்கா அன்ரியின் முழுமீன்

எங்கள் அம்மாவின் கையில் மீன் அகப்பட்டால் அதற்குக் குழம்பைத் தவிர வேறு கதி கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கனடாவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஜமேக்கா அன்ரி ஒருவர் இருந்தார். தவக்காலத்து வெள்ளிகளில் அவர் வீட்டில் மீன்தான். தலையும் வாலுமாக முழு மீனை மொறுமொறுவென்று பொரித்து, வினாகிரியில் ஊறிய வெங்காயத்தையும் கரட்டையும் மிளகாயையும் மேலே பரப்பி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எங்களுக்கும் தருவார். வாசமே ஆளைக் கொல்லும். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மரக்கறி. மீன் பிரிட்ஜுக்குள் போய்விடும்.

சனிக்கிழமை விடிந்ததும் அநியாயம் தொடங்கும்.

"உதென்ன, பச்சை வெங்காயத்தைக் கொட்டி வைச்சிருக்கிறா?" என்று அம்மா எல்லாவற்றையும் கழுவி ஊற்றுவார். பிறகு மீனைத் துண்டு போட்டு, புளி கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு... கடவுளே! அதோடு விட்டாரா? வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். அன்ரியின் மீனையே குழம்பாக்கி, அன்ரியின் பாத்திரத்திலேயே ஊற்றி என்னிடம் தந்துவிடுவார்.

ஒன்பது வயதில் எனக்கு மானம் போனது. இதைக் கண்டால் அன்ரி கோபித்துக்கொண்டு இனி மீனே தரமாட்டார் என்ற பயம் வேறு. நேரே குப்பை அறைக்குப் போய்க் குழம்பைக் கொட்டினேன். பாத்திரத்தைத் துடைத்து அன்ரியிடம் கொடுத்து, தாங்க்யூ சொல்லிவிட்டு ஓடி வந்தேன். ஒவ்வொரு சனியும் இதே வேலைதான்.

அம்மா அடுப்படியில் காத்திருப்பார்.

"அன்ரி என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை, அம்மா."

"உறைப்புக் கூடிப்போச்சோ?"

அடுத்த கிழமை மிளகாய்த்தூளைக் குறைத்தார். அதற்கடுத்த கிழமை புளியையும் குறைத்தார். நடுத்துண்டெல்லாம் அன்ரியின் பாத்திரத்துக்கே போயின. எங்களுக்கு வால்தான் மிஞ்சியது. சோற்றில் விட்டால் அந்தக் குழம்பு சப்பென்று இருக்கும். அப்பா முகத்தைச் சுளித்தாலும் அம்மா கவனிக்கமாட்டார்.

லிஃப்டில் அன்ரி வந்தால், ஆங்கிலம் தெரியாத அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அன்ரி சிரித்து ஒரு ஹலோ சொல்வார். அம்மா இன்னும் பார்ப்பார். நான் கூச்சத்தில் அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பேன். என்ன மனிசி இது, இப்படியா ஆக்களை உற்றுப் பார்க்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சல். குழம்பைப் பற்றி ஒரு சொல் வராதா என்றுதான் அம்மா நிற்கிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.