அண்ணாவின் கன்சர்வேட்டிவ், மருமகனின் கன்சர்வேட்டிவ்

இராக்கில் போர் நடந்துகொண்டிருந்த ஒரு பெப்ரவரியில், அமெரிக்காவிலிருந்த அண்ணா தன் மகனை ஒஸ்லோவுக்கு என்னிடம் அனுப்பினார். பையன் இராணுவத்தில் சேரப் போவதாகச் சொல்லியிருந்தான். "நான் சொல்லி அவன் கேக்கிறானில்லை. நீயெண்டாலும் ஒருக்காக் கதைச்சுப் பார், பிள்ளை" என்று தொலைபேசியில் கெஞ்சினார். அண்ணா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

எங்கள் கடைசித் தம்பி யாழ்ப்பாணத்தில் சண்டைக்குப் போனவன். உடல்கூட வரவில்லை. அதன் பிறகே அண்ணா அமெரிக்காவுக்கும் நான் நோர்வேக்கும் வந்தோம். அமெரிக்காவில் அவர் தன்னைக் கன்சர்வேட்டிவ், வலதுசாரி என்று சொல்லிக்கொண்டார். அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், வருமானத்திலும் பிள்ளைகளிலும் கை வைக்கக்கூடாது, அடுத்தவன் நாட்டுக்குள் நுழையக்கூடாது. அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவுதான். எங்கள் நோர்வே வலதுசாரிகள்கூட அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று நான் சொன்னால், "உங்கட வலது எங்கட இடதுக்கும் இடப்பக்கம்" என்று சிரிப்பார்.

மருமகன் ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் என் வீட்டில் ஒரு கிழமை நின்றான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிவைக்கும் பிள்ளை. அந்த ஏழு நாளும் நான் வேலைக்கு லீவு போட்டேன். சோறு போடும்போதும் மெட்ரோவில் போகும்போதும் இராணுவம் வேண்டாமென்பதையே கதைத்தேன்.

"உன்ரை சித்தப்பாவுக்குக் கொள்ளிவைக்கக்கூட எங்களுக்கு உடம்பு கிடைக்கேல்லை, தம்பி."

"தெரியும், மாமி. ஆனா நான் கன்சர்வேட்டிவ். நாடு கூப்பிட்டாப் போகவேணும். கடவுள், கொடி, குடும்பம். இதுக்காக நிக்காட்டி அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

வேறு வழி தெரியாமல் அண்ணாவை அழைத்து, இருவரும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தேன்.

"அது கன்சர்வேட்டிவ் இல்லையடா," என்றார் அண்ணா. "உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தையே ஒழுங்கா நடத்தத் தெரியாத அரசாங்கம், இன்னொரு நாட்டைத் திருத்தப்போகுதோ?"

"நீங்கள் வோட்டுப் போட்ட ஆக்கள்தானே அப்பா போரைத் தொடங்கினவை?"

 மறுமுனையில் அண்ணா அழுவது கேட்டது. மருமகன் எழுந்து ஜன்னலோரம் போய்ப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் மனம் மாறவில்லை.

விமான நிலையத்தில் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சையே நில். படி. நான் பாக்கிறன்." மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்துவிட்டுப் போனான்.

அவன் இராக்குக்குப் போன பிறகு, அண்ணாவின் கட்சிக்காரர்கள் தங்கள் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, போர்வீரனின் தகப்பன் என்று கைதட்டினார்களாம். "எல்லாரும் கன்சர்வேட்டிவ்தான். ஒருத்தருக்கும் நான் சொல்லுறது விளங்கேல்லை," என்றார். 

மருமகன் உயிரோடு திரும்பினான். இடது கை வேலைசெய்யவில்லை, இடது காது கேட்கவில்லை. அண்ணா வீட்டின் நிலவறையில் இருக்கிறான். தகப்பன் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் மேலே வருவான். அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். சுகமோ என்று கேட்பார். பிறகு இருவருக்கும் பேச்சு வராது, ஆனாலும் அவர் தொலைபேசியை வைக்கமாட்டார்.