ரெண்டு தடவை ஓட்டிய செருப்படி

தியேட்டர் ஆபரேட்டர் படம் பார்க்கிறவன் இல்லை. சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக சனங்களின் பின்மண்டையைப் பார்க்கிறவன். கேட்கிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தே பிழைக்கிற யாருக்கும் என் பாடு புரியும். சங்கரன்கோவிலில் முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் பிழைக்கிறேன்.

ஒன்ஸ்மோர்

ரீல் காலத்தில் சனம் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினால் மிஷினை நிறுத்தி, ரீலைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தை மறுபடி ஓட்டுவோம். ஒரு படத்தில் ஆம்பளைமேல் ஆசைப்படுகிற ஒருத்தன் வருவான். இடுப்பை ஒடித்து நடப்பான், கதாநாயகன் கன்னத்தைத் தடவுவான், செருப்படி வாங்குவான். படத்தில் அவனுக்கு அவ்வளவுதான் வேலை. விசில் கூரையைப் பிய்க்கும். நானும் சந்தோஷமாகச் சுற்றுவேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற செல்லத்துரை என்னைவிட இளையவன். தனக்கும் மனசு ஆம்பளைகள் பக்கம்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஒருநாள் இடைவேளையில் ஒரு கூட்டம் அந்தப் பட வசனத்தையே சொல்லி அவன் கன்னத்தைத் தடவியிருக்கிறது. எனக்கு டீ கொண்டுவந்து வைத்தவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அண்ணாச்சி, செருப்படிய ஒரு தடவை காட்டினாப் போதாதா?”

கத்தரி

“சனம் கேக்குது, நான் என்னடே செய்ய?” என்று அவனை அனுப்பிவிட்டேன். மறு வருஷம் இன்னொரு படம். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி உயிராக இருந்து, கடைசியில் கிணற்றில் விழுந்து சாவார்கள். அப்போதெல்லாம் இப்படிப்பட்டவர்களை ஒன்று சிரிப்புக்கு வைப்பார்கள், இல்லை சாகடிப்பார்கள். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மனசு விட்டுப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அது வேண்டாம் என்றார் மேனேஜர். ஃபிலிமை வெட்டி ஒட்டிவிட்டேன்.

படம் விட்டதும் சிவகிரிக்காரம்மா ஒருத்தி, “ஏன் அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக ரெண்டும் எதுக்குச் செத்துது? ஒண்ணும் வெளங்கலியே” என்று என்னிடம் வந்து நின்றாள். கதவுப் பக்கம் நின்ற செல்லத்துரை மெதுவாகச் சொன்னான்: “அப்ப ஒங்களுக்கு வெட்டத் தெரியும்லா, அண்ணாச்சி.”

ஆடித்தபசு மேட்னி

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். அந்தச் செருப்படிப் படத்தையே திரும்பக் கொண்டுவந்து போட்டோம். மேட்னியில் மூணு தடவை ஒன்ஸ்மோர். மூணாவது தடவை கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனாலும் சுற்றினேன்.

வெளியே வந்த கூட்டம் செல்லத்துரையை மறித்து, இடுப்பை ஒடித்து நடந்து காட்டச் சொல்லியிருக்கிறது. மாட்டேன் என்றவனை ஒருத்தன் செருப்பால் அடித்துவிட்டான், படத்தில் வருவது போலவே. சட்டைப் பை கிழிந்து தொங்க மாடியேறி வந்தவன், கையில் இருந்த டார்ச்சை என் ரூம் ஆணியில் மாட்டினான். கோயமுத்தூருக்குப் போறேன் என்றான். “விடுடே, சிரிச்சவன் நாளைக்கு மறந்திருவான்” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். “சிரிச்சவன் யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி. திருப்பித் திருப்பிப் போட்டது நீங்கதான்.”

உப்பு

இப்போது ரீலும் இல்லை, கத்தரியும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான். போன மாசம் வந்த படத்தில் ரெண்டு ஆம்பளைகள் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த அப்பா ஒருநாள் வந்து அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிடுகிறார். பின் வரிசையில் ஒருத்தன் விசிலடித்தான். “ஏலே, சும்மா இரி” என்று ஒரு குரல். அதற்கப்புறம் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒரு தலையும் அசையவில்லை.

பனவடலிசத்திரத்து விவசாயி ஒருத்தர் மூக்கைத் துண்டால் துடைத்தபடி வெளியே வந்தார். “கொழம்புல உப்பு பத்தலன்னு அந்த அப்பன் உரிமையாச் சொல்லுதான் பாத்தீரா, அங்கன என்னால தாங்க முடியல வே.”

சனம் கேட்டால் எதையும் திருப்பிப் போடுகிறவன் என்று ஊரில் பேரெடுத்த நான், அந்தச் சோற்றுக் காட்சியைக் காட்ட வேண்டிய ஒரே ஆளிடம், அவன் கோயமுத்தூருக்குக் கிளம்பிய அன்றைக்கு விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.