என் விரல் விழுந்த படம்

மைனியைக் காணோம். லடாக்கில், ஆள் அரவமே இல்லாத சாங்தாங் பீடபூமியில், பொழுது சாயப்போகிற நேரத்தில், என் அண்ணன் மனைவி கிரேஸைக் காணோம். நாலு பக்கமும் வெட்டவெளி. மரம் இல்லை, வீடு இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. பனிக்காற்று முகத்தில் அறைகிறது. "ஒங்க மைனிய பத்திரமா கூட்டிட்டு வந்துரு ஜெயா" என்று அண்ணன் என்னை நம்பி அனுப்பியிருந்தார். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்படியே இங்கே விழுந்து செத்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது.

பிரியமானவர்களே, சபையில் நான் சாட்சி சொல்ல எழுந்தாலே பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் போதகர் இந்த முறை எழுதித் தரச் சொல்லிவிட்டார். எழுதினாலும் நான் பெருமையடிக்காமல் எழுத மாட்டேன். என் தேவனைப் பற்றிப் பெருமை பேச எனக்கு உரிமை உண்டு.

இரண்டு பொம்பளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மைனி மாட்டுங்காவில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கேமரா என்றால் உயிர். செம்பூரில் சமீர் என்ற மராட்டித் தம்பி நடத்துகிற போட்டோ குழுவில் சேர்ந்திருக்கிறார். கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம், சமீர் ஆறு பேரை மட்டும் லடாக்குக்குக் கூட்டிப் போனார். ஓடி ஓடி இடம் பார்க்கிற டூர் இல்லை இது. ஒரே ஏரிக்கரையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்காகக் காத்துக் கிடந்து படம் எடுக்கிற பயணம். அண்ணனுக்கு ஆஸ்துமா. அந்த உயரத்துக்கு டாக்டர் விடவில்லை. மைனிக்குத் துணையாக நான் போனேன். தாராவியில் என் வீட்டுக்காரரின் பங்கார் கொட்டகையில், அதாவது காயலாங்கடையில், பிளாஸ்டிக் சாமான்களைத் தரம் பிரிப்பதுதான் என் தொழில். போகிற இடத்தில் சும்மா உட்காராதே என்று அண்ணன் தன் பழைய கேமராவை என் கையில் திணித்தார்.

சமீருக்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்த படத்தை அங்கேயே பார்த்து, தேறாததை உடனே அழித்துவிட வேண்டும். "நாலு நல்லது இருந்தா போதும் ஆன்ட்டி, பாக்கி சப் நிகாலோ" என்பார். எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. பங்கார்காரி வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது. உடைந்த பக்கெட்டுக்கே எங்களிடம் விலை உண்டு. "இந்தக் கோணல் படத்தல்லாம் வச்சு என்னட்டி செய்யப் போற, முறுக்கா சுடப் போற?" என்று மைனி கேலி செய்வார்.

"கெடக்கட்டும் மைனி, சோறா கேக்குது?" என்பேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் ஏரியைப் பார்த்து ட்ரைபாடை நிறுத்தி, மேகத்தின் நிழல் தண்ணீரில் நகருவதற்காகக் காத்திருந்தார்கள். நான் பொறுமையில்லாமல் திரும்பியபோது தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டேன். பாதிப் படத்தில் என் விரல். மீதிப் பாதியில், ஏரிக்கு எதிர்ப்பக்கம் கிடந்த வெறும் பொட்டல், அதுவும் சாய்ந்து விழுகிற மாதிரி. சமீர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, இதையாவது நிகாலோ!" நான் ம்ஹூம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. பனியும் காற்றும் சேர்ந்து அடித்தன. கேமராவைக் காப்பாற்றினால் போதும் என்று ஆளாளுக்குச் சுருட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளில் ஏறினோம். மைனி பின் வண்டியில் வருகிறார் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்கள் தங்கியிருந்த கூடாரத்துக்கு வந்து இறங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. உடனே வண்டியைத் திருப்பினோம்.

ஏரிக்கரையில் யாரும் இல்லை. மைனி ஏன் போயிருப்பார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தப் பொட்டலில் பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. மைனியோ பெரிய கூச்சக்காரி. யார் கண்ணிலும் படாத இடம் தேடி வெகுதூரம் நடந்திருப்பார். ஆனால் எந்தப் பக்கம்? கால்தடத்தையெல்லாம் பனி மூடிவிட்டது. எங்கள் டிரைவர், ஸ்டான்ஸின் என்று பெயர், அந்த ஊர்க்காரர். அவர் சமீரிடம் இந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது. இருட்டுவதற்குள் ஒரு பக்கம்தான் போய்த் தேட முடியும், இருட்டிவிட்டால் இந்தக் குளிரில் அந்த அம்மா தாங்க மாட்டார் என்றார்.

வண்டிக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எங்க அண்ணனுக்கு நா என்ன பதில் சொல்லுவேன்? எனக்குக் கண்ணு தெரியல. நீரே பாத்துக் காட்டும்!" என்று கத்தினேன். ஜெபம் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

அப்போதுதான் அந்த விரல் படம் நினைவுக்கு வந்தது. நானாக யோசித்து வரவில்லை, யாரோ கொண்டுவந்து முன்னால் வைத்த மாதிரி வந்தது. அன்றைக்கு எல்லோரும் ஏரியைத்தான் எடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தை எடுத்தது நான் ஒருத்திதான். ஓடிப்போய்க் கேமராவை எடுத்து அமுக்கினேன். திரை இருட்டாகவே இருந்தது. குளிரில் பேட்டரி செத்துவிட்டது. அது பழைய கேமரா, மற்றவர்களுடைய பேட்டரி எதுவும் சேராது. உள்ளே இருந்த கார்டும் அந்தக் காலத்துத் தடி கார்டு, வேறு கேமராவில் நுழையாது.

"கரம் கரோ, ஆன்ட்டி. சூடு ஏறினால் ஒருவேளை..." என்றார் சமீர், பாதி இந்தியிலும் பாதி கண்ணீரிலும்.

பேட்டரியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள், நாம் சில்லறை முடிந்து வைக்கிற இடத்தில், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பனிக்கட்டி போல் சுட்டது. "ஒரே ஒரு படம் ஆண்டவரே, ஒரே ஒரு தடவ தெறக்கட்டும்" என்று அதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். உடம்புச் சூடு ஏறிய பிறகு எடுத்து மாட்டினேன்.

திறந்தது! சமீர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் விரலுக்குப் பக்கத்தில், தூரத்தில், ஒரு கல்மேட்டை ஒட்டி மஞ்சளாக ஒரு புள்ளி. மைனியின் ஸ்வெட்டர். டிரைவர் அந்த மேட்டின் வடிவத்தைப் பார்த்ததும் இடத்தைச் சொல்லிவிட்டார். அதற்குப் பின்னால் மேய்ப்பர்களின் ஆட்டுப்பட்டி இருக்கிறதாம். திரை அணைந்தது. அந்தப் பேட்டரி அன்றைக்கு மறுபடி உயிர் பெறவே இல்லை. அது எனக்குத் தேவையாகவும் இல்லை.

கல் அடுக்கிக் கட்டிய அந்தப் பட்டியின் மூலையில் மைனி சுருண்டு உட்கார்ந்திருந்தார். கால் பிசகி வீங்கியிருந்தது. உதடெல்லாம் நீலம். கேமராவை மட்டும் பிள்ளையைப் போல அணைத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாட்டி? நா பேர் சொல்லித்தான் கேட்டேன், எங்க ஜெயாவ அனுப்பும்னு" என்றார்.

கட்டிப்பிடித்து அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். மைனிக்குப் பல் தந்தி அடிக்கிறது, அதிலும் சிரிப்பு. "அந்த முறுக்குப் படமா?" என்றார்.

மும்பை வந்து சேர்ந்த அன்று அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். நொண்டி நொண்டி இறங்கிய மைனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையில் கை வைத்தார். அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

முன்பெல்லாம் நான் சத்தமாக ஜெபிக்க மாட்டேன். மைனி மாதிரி படித்தவர்கள் வார்த்தை தேடி அழகாக ஜெபிப்பார்கள், நாம் ஆமென் சொன்னால் போதும் என்று இருந்தவள். இப்போது தினமும் காலையில் கொட்டகை திறந்ததும், தரம் பிரிக்க வருகிற பெண்களோடு சேர்ந்து நானே ஜெபிக்கிறேன். கோணலாகத்தான் வருகிறது. வரட்டும். எனக்கு ஜெபிக்கத் தெரியாது, என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒதுங்கி நிற்கிறவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். இருப்பதைக் கொண்டு வாருங்கள். என் தேவன் எதையும் கழித்துப் போடுகிறவர் அல்ல. பங்கார்காரி சொல்கிறேன், நம்புங்கள்.

போன மாதம் மாட்டுங்காவில் சமீரின் குழு படக்காட்சி வைத்தது. அவ்வளவு அழகான ஏரிப் படங்களுக்கு நடுவில் என் படமும் தொங்கியது. விரலை வெட்டிவிட்டு மாட்டலாமா என்று சமீர் கேட்டபோது, மைனி டீச்சர் குரலில், "வெட்டப்படாது!" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் படத்தின் முன் நின்று, யார் விரல் இது என்று கேட்டார்கள். நான் முன்னால் போய் விரலை நீட்டிக் காட்டினேன். முழுச் சாட்சியையும் சொல்லாமல் ஒருவரையும் விடவில்லை.