பெட்டியை மாத்தினனாங்கள்

என் வாய்தான் எனக்குச் சனி. அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

அப்போது நான் திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். கிராமச் சங்கத் தேர்தலில் குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்து வாக்கெடுப்பு என் பொறுப்பு. பின்னேரம் வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, இரண்டு பக்கத்து முகவர்களும் கையெழுத்திட, பாதையில் ஏற்றினோம். கயிற்றைப் பிடித்திழுத்து ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர். நடுவழியில் கயிறு அறுந்தது. ஒரு தோணியைக் கூப்பிட்டு, பொலிஸ்காரரோடும் முகவர்களோடும் பெட்டியை அதில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"ஏன் சுணக்கம்?" என்று வாக்கெண்ணும் இடத்தில் கேட்டார், மீண்டும் போட்டியிட்ட சங்கச் சேர்மன்.

"பாதையில பெட்டியை மாத்தினனாங்கள்" என்றேன். தோணிக்கு மாற்றியதைத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

தோற்றது தெரிந்ததும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார். "பெட்டிய மாத்தின எண்டு கிளாக்கரே சொன்னவர்!" கதை கிண்ணியா தாண்டித் தோப்பூர்ச் சந்தை வரை போனது. முத்திரை உடையவில்லை, உங்கள் முகவரும் கூடவே வந்தவர் என்று தொண்டை கிழியக் கத்தினேன். விசாரணையிலும் பிழையில்லை என்றே முடிவானது. யார் கேட்டார்கள்? தோற்றும் மனுசன் சங்கக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

பொறுக்க ஏலாமல் நேரே அவரிடம் போனேன். தேத்தண்ணி சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நீங்க மாத்தல்ல தம்பி, எனக்குத் தெரியாதா? ஆனா சனம் நம்பிட்டுதே. இனி நானே அது பொய்யெண்டு சொன்னாலும் விடாது."

தேத்தண்ணி வருமுன்னே எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த சங்கத் தேர்தலில் அதே பள்ளிக்கூடம். மத்தியானம் வரை நாங்களும் எங்களை மொய்த்த இலையான்களும்தான். வாசலால் போன மீன்காரரைக் கூப்பிட்டேன்.

"போட்டென்ன, போடாட்டியென்ன சேர், நீங்க மாத்துவீங்கதானே."

கோபமேயில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த முறை சேர்மன் வென்றார். பெட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை.

பிறகு பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கடமை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவியின் விரலில் மை இல்லை.

"நீர் போகேல்லையா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது, ஓம். ஆனா இவ்வளவு சனமும் பொய் சொல்லுமோ?"