லண்டன்காரிக்குக் கொடுத்த பூசை

என் அம்மா ஒருமுறை, லண்டனில் நல்ல சுகத்தோடு உயிர்வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தொலைக்காட்சி நடிகையின் ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசையில் பெயர் கொடுத்தார். முப்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நான் எங்கள் சனத்துக்குள் பகிடிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே நாலுபேர் கூடினாலும் யாராவது ஒருவர், "அந்த லண்டன்காரிக் கதையைச் சொல்லும்" என்பார். நான் சொல்வேன். அம்மாவும் பக்கத்தில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்களுக்கு முன்பே வந்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரிலிருந்து வரும் சேதிகள் எல்லாம் அவரிடம்தான் முதலில் வந்து சேரும். அப்பா யாழ்ப்பாணத்தில் தபாலதிபர். எங்களைக் கிழக்கு பெர்லின் வழியாக அனுப்பிவைத்துவிட்டு, "பாஸ்போட் கைக்கு வந்த உடனை நானும் வாறன்" என்று சொன்னவர். கிழமைக்கு ஒரு கடிதம் தவறாமல் போட்டவர். ஆவணி மாதத்தோடு கடிதம் நின்றுவிட்டது.

தபால்காரர் படியேறி வந்து, கதவிலுள்ள துவாரத்தால் கடிதங்களை உள்ளே போடுவார். அம்மா அந்த நேரத்துக்குக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பார். விழுவது கடைகளின் விளம்பரத் தாளாக இருக்கும். அதையும் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாப்பிட உட்காருவேன்.

அந்தக் காலத்தில் நாட்டுக்கே ஒரு சனல்தான். அதில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஓர் ஆங்கிலத் தொடர் நாடகம் போனது. ஒரு சின்னக் கிராமத்துத் தபாற்கந்தோரை நடத்தும் பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவரைத்தான் நாங்கள் லண்டன்காரி என்றோம். அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் காதில் ஏறும். எனக்குக் கீழே ஓடும் டேனிஷ் எழுத்தில் பாதி விளங்கும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். ஆனால் அம்மா பார்த்தது கதையை அல்ல, வேலையை.

"இதென்ன முத்திரை குத்துறாள்? ஒரு பக்கம் மை பிடிக்கேல்லை. அப்பா கண்டாரெண்டால் கந்தோரை விட்டே கலைச்சிருப்பார்" என்பார். அப்பா திகதி முத்திரை குத்துகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்குமாம். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கிழமையில் அம்மா சிரிப்பது அந்த ஒரு நேரம்தான். அதனால் எனக்குச் சனிக்கிழமை வந்தால் போதும் என்றிருக்கும்.

கீழ்வீட்டில் ஒரு டேனிஷ் அன்ரி தனியாக இருந்தார். படித்து முடித்த வாரப் பத்திரிகைகளை எங்களுக்குத் தருவார். அவற்றில் ஒன்றில் லண்டன்காரியின் வாழ்க்கை வரலாறு துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் உத்தியோகம். பேக்கரிக்காரரின் மகள். சப்பாத்துக் கடையில் நின்றவர். பிறகு நாடகக் கொம்பனியில் சேர்ந்து, மற்றவர்கள் பேச, இவர் தேத்தண்ணித் தட்டோடு வந்து போனதே பதினொரு வருடம். அம்மாவுக்கு அந்தப் பதினொரு வருடம் மிகவும் பிடித்துவிட்டது. "பொறுமைசாலி" என்றார்.

பிறகுதான் சிக்கல். லண்டன்காரி இரண்டு தரம் விவாகரத்துச் செய்தவர். அதை அம்மாவிடம் சொன்னால் சனிக்கிழமையே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். அதனால், "அவவின்ர புருசன் வெளிநாட்டிலை" என்றேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "அப்ப அவளும் எங்களைப் போலையோ? பாவம். கடிதம் கிடிதம் போடுறவராமோ?"

"ஓம். கிழமைக்கு ஒண்டு போடுறவராம்."

என்ன நினைத்து அதைச் சொன்னேனோ தெரியாது. நல்ல புருசனாகத்தானே செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பேன். அம்மா மறுபடி வெங்காயத்தை உரித்தார்.

நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, கீழ்வீட்டு அன்ரி தந்த பத்திரிகையின் முன்பக்கத்திலேயே லண்டன்காரியின் படம். மேலே பெரிய எழுத்தில் மூன்றே சொல்லில் ஒரு தலைப்பு. முதற்சொல் 'அவ'. கடைசி 'சனிக்கிழமை'. நடுவில் 'டோர்'. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தின் முதற்கிழமையிலேயே படித்துவிட்டேன். ஆசிரியை ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தந்ததில் மூன்றாவது அது. கதவு.

"அவ சனிக்கிழமை கதவு" என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? வடிவாப் பாத்துச் சொல்லு."

"கதவெண்டுதான் கிடக்கு, அம்மா. டோர்."

அம்மா யோசித்தார். "இங்கிலிசிலயும் டோர் எண்டால் கதவுதானே. கந்தோரைப் பூட்டப் போறாள் போலை. ஐயோ, பூட்டினால் அந்தச் சனம் கடிதத்துக்கு எங்கை போறது?"

தாங்க முடியாமல் என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனார். அன்ரி தலைப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் கதவைத் தொட்டுக் காட்டியதும், "நை, நை" என்று கையை ஆட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு கையைப் பொத்தென்று கீழே விட்டார். டேனிஷில் 'கதவு' என்பதற்கும் 'சாகிறாள்' என்பதற்கும் எழுத்து ஒன்றுதான். வாயால் சொல்லும்போதுதான் மயிரிழை வித்தியாசம்.

"மாதாவே!" என்றார் அம்மா.

சனிக்கிழமை சாகப்போகிறவரைப் பற்றித் திங்கட்கிழமையே எப்படிப் போட்டார்கள் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே திகதி கொடுப்பார்கள், பல் பிடுங்கவும் திகதி, வெளிநாட்டவர் கந்தோருக்குப் போகவும் திகதி, சாவுக்கும் கொடுப்பார்களாக்கும் என்று இருந்துவிட்டேன். என் பயம் வேறு. இல்லாத புருசனை உண்டாக்கி, அவர் கையால் இல்லாத கடிதங்களையும் போடவைத்தவள் நான். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்? பொய் சொன்னது நான், தண்டனை அந்த மனிசிக்கு. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோன பாணை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமாவின் றப்பர் சப்பாத்து நின்றது. வேலை நாளில் மாமா வருவதில்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கதவை அதற்கு முன் யாரும் சாத்தியதில்லை. உள்ளே மாமாவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. "கண்ணாலை கண்டது ஒருத்தரும் இல்லை, தங்கச்சி" என்றது மட்டும் விளங்கியது. பிறகு மாமா வெளியே வந்து, என் தலையில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"என்னம்மா?"

அம்மா சுற்றிவரப் பார்த்தார். மேசையில் கிடந்த பத்திரிகையைக் கண்டார். "அந்த மனிசி சாகப்போகுதெல்லோ, அதுதான்" என்றார்.

என்னால்தான் அம்மா அழுகிறார். அன்றைக்கும் அடுத்த நாளும் அம்மா சாப்பிடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவடிக்கும் போகவில்லை. சொல்லிவிடுவோமா, சொல்லிவிடுவோமா என்று வாயைத் திறப்பேன், அம்மாவின் முகத்தைக் கண்டதும் மூடிவிடுவேன்.

சனிக்கிழமை வந்தது. லண்டன்காரி கடிதப் பையோடு தெருவைக் கடந்தாள். லொறி ஒன்று வந்தது. கடிதங்கள் தெருவெல்லாம் சிதறின. ஒன்றின்மேல் மழை விழுந்து மை கரைவதை நெடுநேரம் காட்டினார்கள். அம்மா முத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். நான் கீழ்வீட்டுக்கு ஓடினேன்.

அன்ரி என் அழுகையைப் பார்த்துப் பயந்து, பிறகு விஷயம் விளங்கி, வயிறு குலுங்கச் சிரித்தார். பத்திரிகையின் உள்பக்கத்தில் கடைசிப் பந்தியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினார். நாடகத்தில் மட்டும்தான் சாவு. மேடையில் நடிக்கவேண்டும் என்று அவர்தான் தொடரிலிருந்து விலகியிருக்கிறார். புதுவருடம் பிறந்ததும் லண்டனில் புது நாடகம். பிறகு தொலைக்காட்சிக்கும் திரும்பி வருவார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மேலே போய் அம்மாவிடம் அதைச் சொன்னால், பத்திரிகையில் இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார், புருசன் கதை வெளியே வரும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பஸ்ஸில் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனோம். நவம்பர் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் சுவாமியார் பூசையில் வாசிப்பார். அம்மா துண்டையும் பேனையையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு எழுத்து எழுதினார், வெட்டினார். பிறகு துண்டை என்னிடம் தந்து, "லண்டன்காரியின்ர பேரை எழுது" என்றார்.

அவர் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன்.

சுவாமியார் போலந்துக்காரர். அவரிடமும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தவர், எங்கள் துண்டில் ஒருகணம் நின்றார். பிறகு வாசித்தார். முதல்நாள் பின்னேரம்தான் நாடே அந்தச் சாவைப் பார்த்திருந்தது. கோவிலில் இருந்த டேனிஷ்காரரும் வியட்நாம்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா எதையும் காணவில்லை. முழங்காலில் நின்று, முன்வாங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பூசை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது அம்மாவும் நானும் கொஞ்சம் கதைத்தோம். அதை நான் பகிடியில் சேர்ப்பதில்லை. அது சுவையில்லாத பகுதி என்று நினைத்திருந்தேன்.

மாசி மாதம் லண்டன்காரி உண்மையாகவே திரும்பி வந்தாள். வேறு நாடகம், பொய் முடி, பணக்காரச் சீமாட்டி வேடம். அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்தியே! வந்திட்டாள்! செத்தவளெண்டு நாடெல்லாம் சொல்லிச்சுது, வந்திட்டாள்! நீ சொன்னனியெல்லோ பிள்ளை!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அடுத்தநாள் தபால்காரர் வரும் நேரத்துக்கு மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றார். அம்மாவுக்கு நாடகம் எது, வாழ்க்கை எது என்று தெரியாது என்பதுதான் என் பகிடியின் முடிவு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன், மாமாவின் மகளின் கலியாணத்தில் அதை இன்னொருமுறை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தக் கதையை இனிச் சொல்லாதை, பிள்ளை. அண்டைக்கு வியாழக்கிழமை நான் கடிதம் கொண்டு வந்தனான். உன்ர அப்பாவைக் கந்தோரிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனவையாம். சுட்டுப்போட்டினம் எண்டு ஊர் முழுக்கக் கதை. கொம்மாவிட்டைச் சொன்னன், ஞாயிறு பூசைக்கு அவற்ர பேரைக் குடு எண்டு. சரியெண்டவ."

அப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு நவம்பரும் துண்டு எழுதுகிறார். அம்மாச்சி, அப்பு, சித்தப்பா, போரில் போன அயலட்டை எல்லாரும் அதில் உண்டு. அப்பாவின் பெயர் இல்லை. அது இல்லாததை நான்தான் கவனிக்கவில்லை.

பஸ் தரிப்பில் நடந்தது இதுதான். குளிர்காற்று அடித்தது. அம்மா அழுதபடியே நின்றார். ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதேங்கோ அம்மா. செத்ததெண்டது பொய். சும்மா சொல்லுகினம். திரும்பி வாறதெண்டு எழுதிக் கிடக்கு."

அம்மா ஈர நிலத்தில் குந்தி, என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். நோகுமளவுக்குப் பிடித்தார். "வருவாரோ?" என்று கேட்டார்.

எங்கள் பேச்சில் ஆம்பிளைக்குத்தான் 'வருவார்'. பொம்பிளைக்கு 'வருவா'. நான் வகுப்பில் மற்றவர்களின் பிழையைத் திருத்துகிற பிள்ளை. விடுவேனா?

"வருவாரோ இல்லை அம்மா," என்றேன். "வருவாவோ எண்டு கேக்கவேணும்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டி, "ஓம், வருவாவோ?" என்று சரியாகக் கேட்டார்.

"ஓம் அம்மா," என்றேன் நான். "கட்டாயம் வருவா."