அத்தையின் பித்தப்பை

ஒரு சின்ன மருந்துச் சீசா. அதில் பாதிக்குத் தண்ணீர், மேலே கொஞ்சம் நல்லெண்ணெய், கூடவே ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ஆட்டு ஈரலிலிருந்து நான் பதமாக அறுத்தெடுத்த பித்தப்பையின் பச்சை நீர். மூடிக் குலுக்கினால், ஒட்டாமல் மிதந்த எண்ணெய் உடைந்து பால்போலக் கலங்கிவிடும். அட, இவ்வளவுதானா சங்கதி என்று போடிநாயக்கனூர் வீட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். கடைசியில் அந்தச் சீசாவே என்னைப் பிறந்த வீட்டுக்கு விரட்டப் பார்த்தது.

அத்தை, அதாவது என் மாமியார், நெய் இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் மலையில் எங்கள் தோட்டத்திலேயே தங்கிவிடுவார். அங்கே கஞ்சியும் துவையலும்தான். உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது. ஜீப்பில் இறங்கி வந்து, என் கையால் கறிக்குழம்பும் நெய்ச்சோறும் சாப்பிட்டால் போதும், வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். வயிறு காய்ந்துவிட்டது என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி நெய்யை உருக்கிக் குடிப்பார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்ன வைத்தியம் அதுதான். வலி இரண்டு மடங்காகும்.

"மலையில இருக்கையில நல்லாத்தான இருக்கேன்? இவ சோத்தத் தின்னாத்தான் வருது. மருந்து வச்சுட்டா!"

மருமகள் சோற்றில் மருந்து வைப்பாள் என்ற பேச்சை ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை. புதுப்பெண்ணான எனக்குப் பயம்தான். ஆனால் மதுரையில் பி.யூ.சி. படித்தவள், மூளை சும்மா இருக்குமா? கொழுப்பு என்பது ஒரு காம்பில் மூன்று காய் தொங்குகிற மாதிரி அமைப்பு. தண்ணீரோடு சேரவே சேராது. அது குடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும். பித்தநீர் எண்ணெயைப் பொடித்துளிகளாக உடைக்கும். அப்புறம்தான் கணையநீர் காயைக் காம்பிலிருந்து கழற்ற, உடம்பு அதை உறிஞ்சும். அப்படியானால், அந்தப் பையின் வாயை ஏதாவது அடைத்திருந்தால்? நெய் உள்ளே போகும்போதெல்லாம் பை சுருங்கிச் சுருங்கி வலிக்குமே! பித்தநீர் செய்கிற வேலையைக் கண்ணால் பார்த்துவிடும் ஆசையில்தான் அந்தச் சீசா.

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததை அத்தை எடுத்து, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருடா உம் பொண்டாட்டி பாக்குற சோலிய! என்னத்தையோ கரைச்சு வச்சிருக்கா. வெரசா இவள தேவாரத்துக்கு, அவ ஆத்தா வீட்டுக்குப் பஸ்சு ஏத்திவிடு."

பயத்தையும் மீறி எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் நெய்யும் கறியும் இல்லாம என் கையால சாப்பிடுங்கத்தே. வலி வந்துச்சுன்னா நானே பஸ்சு ஏறிப் போறேன்" என்றேன்.

சாப்பிட்டார். வலி வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்! ஞாயிற்றுக்கிழமை என்னை அடுப்படிப் பக்கமே விடாமல் தானே கறி சமைத்து, தானே நெய் ஊற்றிச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்தார். கிடந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "உள்ள என்னதான்டி இருக்கு?"

கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போதென்றால் ஒரு ஸ்கேன் போதும். அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் பலமுறை படம் எடுத்த பிறகே பித்தப்பையில் கல் என்றார்கள். ஆபரேஷன் என்றதும் அத்தை ஆடிப்போனார். உள்ளே கூட்டிப்போகும்முன் காதுத் தோட்டைக் கழற்றி, பக்கத்தில் நின்ற மகனை விட்டுவிட்டு என் கையில் வைத்தார்.

"நான் வரலேன்னா நீ போட்டுக்க. வந்தா ஒழுங்கா திருப்பிக் குடு."

வந்துவிட்டார். மறுநாள் தெளிவாக எழுந்து உட்கார்ந்ததும் தோட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எடுத்த கற்களைத் தட்டில் கொட்டச் சொல்லி, ஏலக்காயைத் தரம் பிரிப்பதுபோல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பூராம் மொதத் தரம்டி" என்றார் பெருமையாக. பிறகு என் உள்ளங்கையை மடக்கி மூடினார். "தோடு கெடக்கட்டும், நீயே போட்டுக்க ஆத்தா."